மின்னுகிற பழைய பிஸ்டலா, மங்கியதா?

கேள்வி: கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. டீலரிடம் பழைய வெப்லி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டல் இரண்டு இருக்கின்றன. ஒன்று கருநீலமாக மின்னுகிறது. இன்னொன்றில் ஓரங்களில் நீலம் தேய்ந்து இரும்பு தெரிகிறது, விலையும் குறைவு. எதை வாங்கலாம்? மங்கியதை வாங்கி அம்பத்தூர் பட்டறையில் கறுப்பேற்றிக்கொள்ளலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: மங்கியதை முதலில் பாருங்கள். இத்தனை வயதான பிஸ்டல் புதுசாக மின்னினால், யாரோ பாலிஷ் போட்டு மறுபடி புளூயிங் (எஃகைக் கருநீலமாக்குவது) செய்திருக்கவே வாய்ப்பு அதிகம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, திருகுத் துளையின் வாய் குழிந்திருக்கிறதா, நீலத்துக்கு அடியில் துருக்குழிகள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழிக்குள்ளும் நீலம் இருந்தால் மறுபடி புளூயிங் செய்ததுதான், சந்தேகமே வேண்டாம். சேகரிப்பவர்கள் இதற்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

புளூயிங் பெயிண்ட் அல்ல. எஃகின் மேல்தோலே மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுவது. பழைய முறையான ரஸ்ட் புளூயிங்கில் வேண்டுமென்றே துருவேற்றி, கொதிநீரில் கறுப்பாக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, இதையே பல தடவை செய்வார்கள். பளபளப்பு அடக்கமாக இருக்கும், நன்றாக உழைக்கும். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் தொட்டியில் முக்குவது வேகமான முறை. ஜெர்மனியின் லூகர் பிஸ்டலே 1937-ல் ரஸ்ட் புளூயிங்கை விட்டு இதற்கு மாறியது. ஈயப் பற்று வைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியை மட்டும் இதில் போடக்கூடாது, பற்று விட்டுவிடும். பாட்டிலில் வரும், சூடாக்காமல் தடவும் கோல்ட் புளூ (cold blue) திரவம் கீறலை மறைக்கத்தான் லாயக்கு.

அம்பத்தூரில் போல்ட்டுக்குக் கறுப்பேற்றுவதும் இதே காஸ்டிக் தொட்டி வேலைதான். ஆனால் ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாதவர் கையில் கொடுத்தால் வழக்கு உங்கள் மீதும் பாயும். பாலிஷில் துப்பாக்கியின் வரிசை எண் அழிந்துவிட்டால் அது இன்னொரு வில்லங்கம். செய்தே ஆகவேண்டுமென்றால் உரிமம் பெற்ற டீலர் மூலம் செய்யுங்கள். என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

எந்த புளூயிங்கும் நம் ஊர்க் கடல்காற்றைத் தனியாகத் தாங்காது. தொட்டதும் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பணம் கொடுக்கும் முன் குழலின் உட்புறம், மேகசின், ஸ்பிரிங் மூன்றையும் பாருங்கள். குழல் அரித்துப்போயிருந்தால் மங்கியதும் வேண்டாம்.