சீசனின் சிறந்த வீரர் விருது, அதிகம் ஸ்கோர் செய்யாத ஒருவருக்குக் கிடைத்ததுண்டா?

கேள்வி: எந்த விளையாட்டை எடுத்தாலும் சீசனின் சிறந்த வீரர் விருது அதிகம் ஸ்கோர் செய்தவருக்குத்தான் போகிறது. அப்படி இல்லாமல் கிடைத்து, உங்கள் மனதில் நின்ற விருது ஏதாவது உண்டா?

உண்டு. 2016, இங்கிலாந்தின் ரக்பி லீக். விருதின் பெயர் மேன் ஆஃப் ஸ்டீல். வாங்கியவர் ஹல் எஃப்சி அணியின் டேனி ஹௌட்டன். அவருடைய வேலை ஸ்கோர் செய்வது அல்ல, எதிரணிக்காரரை மடக்கிக் கீழே விழுத்துவது.

அப்போது நான் ஹல் நகரத்தில் வேலையில் இருந்தேன். அது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்துத் துறைமுக ஊர். ஹல் ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கறுப்பு வெள்ளைச் சட்டை, ஹல் எஃப்சி. கிழக்கே சிவப்பு வெள்ளை, ஹல் கேஆர். எந்தக் கரையில் வீடு என்பதை வைத்தே எந்த அணி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நான் வாடகைக்கு இருந்தது மேற்கில். பக்கத்து வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். பந்து எங்கே போகிறது என்று தேடாதே, ஒன்பதாம் நம்பரை மட்டும் பார், ஆட்டம் தானாகப் புரியும் என்றார். அந்த ஒன்பதாம் நம்பர்தான் ஹௌட்டன்.

ரக்பி லீக் என்பது ரக்பியின் ஒரு வகை, பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படி மடக்குவதுதான் டாக்கிள். ஒவ்வொரு டாக்கிளுக்குப் பிறகும் விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டுவார். அதைக் குனிந்து எடுத்து ஆட்டத்தை மறுபடி கிளப்புவது பெரும்பாலும் ஒன்பதாம் எண் ஹூக்கர். பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் நிற்பது நடு வரிசையில். நூறு கிலோவுக்கும் மேலான ஆட்கள் ஓடிவந்து மோதுவது அங்கேதான். ஹௌட்டன் அந்த வரிசையில் சிறிய ஆள். ஒருவரை விழுத்துவார், எழுந்து பின்வாங்குவார், அடுத்தவரை விழுத்துவார். கபடியில் நல்ல பிடி பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே தெரியும். ஆனால் ஒரு ஆட்டத்தில் முப்பது நாற்பது பிடி போடுகிறவரை யாரும் தனியாக நினைவில் வைப்பதில்லை. ட்ரை அடித்தவர், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி நான்கு புள்ளி எடுத்தவர், அவர் பெயர்தான் மறுநாள் பேப்பரில் இருக்கும்.

2016 ஆகஸ்ட் 27. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் சாலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், தோற்றால் வெளியேறும் வகைப் போட்டி அது. எதிரணி வாரிங்டன். ஹல் எஃப்சி அதுவரை வெம்ப்ளியில் ஒரு முறைகூட வென்றதில்லை. 1982-இல் கோப்பை கிடைத்ததுகூட, வெம்ப்ளியில் 14-14 சமனாகி, லீட்ஸில் மறு ஆட்டம் ஆடித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இதை வைத்து எத்தனை வருடம் பாடினார்கள் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். முதலில் 10-0 என்று பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதியில் மாஹே ஃபோனுவா ஒரு ட்ரை. முடிய சில நிமிடமே இருக்கும்போது ஜேமி ஷால் இன்னொன்று. ஒவ்வொரு ட்ரைக்குப் பிறகும் மார்க் ஸ்னெய்ட் உதைத்த இரண்டு புள்ளியோடு 12-10.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். வாரிங்டனின் பென் கரி பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டார். இனிப் பந்தைத் தரையில் அழுத்தினால் போதும், ஆட்டம் அவர்களுடையது. கை இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் ஹௌட்டன் வந்து மோதினார், பந்து கையைவிட்டு நழுவியது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தவர் ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை. எண்பது நிமிடம் நடுவில் மோதிக் களைத்த ஒருவர் கடைசி நிமிடங்களில் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்றைய ஆட்ட நாயகனுக்கான லான்ஸ் டாட் கோப்பை ஸ்னெய்டுக்குப் போனது. அதிலும் குறை சொல்ல முடியாது, அவர் உதைகள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து மேன் ஆஃப் ஸ்டீல் ஹௌட்டனுக்கு என்று அறிவித்தபோது அந்தத் தெருவே மகிழ்ந்தது. 1977-இல் தொடங்கிய விருது, ஹல் எஃப்சி வீரர் ஒருவருக்கு அதுவே முதல் முறை. கிழக்குக் கரைக்கு 1986-லேயே கேவின் மில்லர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த ஆண்டு வாக்களித்தவர்கள் சக வீரர்கள், அதாவது சீசன் முழுக்க அவரிடம் மாட்டி விழுந்தவர்கள். வெம்ப்ளி டாக்கிள் ஒன்றுக்காகக் கொடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த டாக்கிளை நாங்கள் டிவியில் பார்த்தோம், மற்றவற்றை அவர்கள் விலா எலும்பில் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த விருதின் முழுப் பெயர் ஸ்டீவ் பிரெஸ்காட் மேன் ஆஃப் ஸ்டீல். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறையாது. செயின்ட் ஹெலன்ஸ் அணியின் ஃபுல்பேக், அதாவது எல்லோருக்கும் பின்னால் நிற்பவர், 1996 சாலஞ்ச் கோப்பை இறுதியில் இரண்டு ட்ரை அடித்தவர். பிறகு ஹல் எஃப்சிக்கும் ஆடினார். 2006-இல் வயிற்றில் மிக அரிதான ஒரு புற்றுநோய் என்று தெரிந்தது. இன்னும் சில மாதம்தான் என்றார்கள். அவர் ஏழு ஆண்டு வாழ்ந்தார். வாழ்ந்தார் என்பதைவிட ஓடினார் என்று சொல்ல வேண்டும். மாரத்தான் ஓடினார், ஆங்கிலக் கால்வாயைத் துடுப்பு வலித்துக் கடந்தார். சேர்ந்த பணம் மான்செஸ்டரின் புற்றுநோய் மருத்துவமனைக்கும், ஆட்டத்தில் காயம்பட்டு முடங்கிய வீரர்களுக்கும் போனது. 2013-இல் பல உறுப்புகளை ஒன்றாக மாற்றும் அறுவை சிகிச்சைக்குத் துணிந்தார். அந்த நவம்பரில் இறந்தார், வயது 39. அதன் பிறகே விருதுக்கு அவர் பெயர் வந்தது.

2019-இல் தேர்வு முறை மாறியது. முன்னாள் வீரர்கள் குழு ஒன்று ஒவ்வொரு ஆட்டத்திலும் மூவருக்கு 3, 2, 1 என்று புள்ளி கொடுத்தது. அதில் ஒரு நியாயம் உண்டு, தொடக்கத்தில் ஆடிய நல்ல ஆட்டத்தைக் கடைசியில் யாரும் மறந்துவிட முடியாது. ஆனால் ஒரே ஆட்டத்தை வைத்து மூன்று பேரைச் சொல்லச் சொன்னால் கண் போவது பந்தைச் சுழற்றுகிறவரிடம்தான். 2019 முதல் 2025 வரை வாங்கிய ஏழு பேரில் ஹூக்கர் பால் மக்‌ஷேன் ஒருவர்தான். மற்ற ஆறு பேரும் ஹாஃப் (தாக்குதலை நடத்துகிறவர்) அல்லது ஃபுல்பேக். அவர்கள் எல்லோரும் அருமையான ஆட்டக்காரர்களே. ஆனாலும் சக வீரர்களின் வாக்கே மறுபடி வர வேண்டும் என்பது என் ஆசை.

2024-இல் அந்த விருது கேஆர் அணியின் மிக்கி லூயிஸுக்குப் போனது, ஹல்லிலேயே பிறந்த பையன். அதே ஆண்டு ஹௌட்டன் ஓய்வு பெற்றார், முதல் அணியில் நுழைந்த 2007-லிருந்து ஒரே சட்டையோடு. ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது, இருந்தாலும் பெரியவருக்கு ஃபோன் செய்தேன். லூயிஸைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு, அடுத்த சீசனில் நம் நடு வரிசையில் யார் நிற்பார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.