பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘அனியூப்ளாய்டு’ என்று இருந்தால் மார்பகப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘அனியூப்ளாய்டு, டி.என்.ஏ. இன்டெக்ஸ் 1.6, எஸ்-ஃபேஸ் 12 சதவீதம்’ என்று இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதற்கு இதில் பதில் கிடையாது. கட்டியின் செல்லுக்குள் டி.என்.ஏ. எவ்வளவு என்ற கணக்குதான் இது. நான் டாக்டர் இல்லை. இந்த டெஸ்டைச் செய்யும் லேபில் சில வருஷம் வேலை பார்த்தவன்.

நல்ல செல்லில் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் அது தன் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். புற்றுநோய் செல்லில் பல சமயம் இந்தக் கணக்கே குழம்பியிருக்கும். இந்த டெஸ்டின் பெயர் ஃப்ளோ சைட்டோமெட்ரி. இதில் கட்டியின் செல்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து, புரோபிடியம் அயோடைடு என்ற சாயம் ஏற்றி, லேசருக்குக் குறுக்கே வரிசையாக ஓடவிடுவோம். டி.என்.ஏ. கூடக்கூட சிவப்பாக ஒளிர்வதும் கூடும். (சாயம் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டும். அதைச் சிதைக்கும் நொதியைச் சேர்க்க மறந்தால் அன்றைய வேலை வீண்.) திரையில் வழக்கமான அளவு டி.என்.ஏ. உள்ள செல்களுக்கு உயரமாக ஒரு கூம்பு, அதை இரட்டிப்பாக்கிவிட்டவற்றுக்கு இரண்டு மடங்கு தூரத்தில் சின்னதாக இன்னொன்று வரும். நடுவில் தாழ்வாகக் கிடக்கும் மேடுதான் எஸ்-ஃபேஸ், அதாவது டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்கள். சம்பந்தமே இல்லாத இடத்தில் தனிக் கூம்பு எழுந்தால் அனியூப்ளாய்டு. 1.6 என்றால் நல்ல செல்லில் இருப்பதைப் போல 1.6 மடங்கு.

எஸ்-ஃபேஸ் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்தது உண்மைதான். பழைய பாரஃபின் பிளாக்கிலிருந்தே (மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டித் துண்டு) அளக்கும் முறை 1983-ல் வந்ததும் இந்த டெஸ்ட் வேகமாகப் பரவியது. சிக்கலும் அங்கேதான். பிளாக்கைச் சீவும்போது உட்கருக்களும் அறுபடும். அந்தத் துணுக்குகள் கூம்புகளுக்கு அடியில் குப்பையாகச் சேரும். எவ்வளவைக் கழிப்பது என்பது மென்பொருளையும் ஆளையும் பொறுத்தது. ஒரே பிளாக்கை நானே இரண்டு முறை ஓட்டி, எஸ்-ஃபேஸ் முதலில் 7 சதவீதம், அப்புறம் 11 என்று வந்து திருதிருவென விழித்திருக்கிறேன். இதில் எந்த எண்ணை நம்பி ஒருவருக்குக் கீமோ கொடுப்பது?

அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவும் 2007-ல், நோயின் போக்கைக் கணித்து நோயாளிகளைப் பிரிக்க இந்த அளவுகளைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு ரிப்போர்ட்டின் மற்ற பகுதிகளைப் படியுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குள் நெறிக்கட்டுகளில் எத்தனையில் நோய் இருக்கிறது, கிரேடு (செல்கள் நல்ல செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன) என்ன, ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளரத் தூண்டும் ஒரு புரதம்) என்ன? சிகிச்சையைத் தீர்மானிப்பவை இவைதான். ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் என்று இருந்தால், 21 மரபணுக்களைப் பார்க்கும் ஆன்கோடைப் டி.எக்ஸ். டெஸ்ட் அம்மாவுக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கீமோ வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும்.