கிப் ரிவர் சாலையில் குடும்பத்துடன்: கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில், டெர்பி ஊரிலிருந்து குனுனுராவின் பக்கம் வரை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையில் மூன்று முறை குடும்பத்துடன் பயணம் செய்திருக்கிறேன். பெர்த்தில் வசிப்பவன் என்பதால் இந்தப் பயணம் குறித்து நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். இம்முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏப்ரல் பள்ளி விடுமுறையில் வரலாமா, ஐயா?

வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம். சாலை வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டிருக்கும். மழை விட்ட பிறகும் சாலையைச் செப்பனிட்டுப் படிப்படியாகத்தான் திறப்பார்கள். ஜூன், ஜூலை மாதங்களே குடும்பங்களுக்கு ஏற்றவை. செப்டம்பரில் வெயில் ஏறிவிடும், அருவிகளும் நூலாக இளைத்துவிடும்.

கேள்வி: எங்களிடம் 19 அடி நீளமுள்ள சாதாரணக் கேரவன் இருக்கிறது. மெல்போர்னிலிருந்து அதை இழுத்துவந்து இந்தச் சாலை முழுவதையும் கடக்க முடியுமா?

தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். பண்ணைகளிலிருந்து மாடுகளை லாரிகளில் ஏற்றிச் செல்வதற்காக 1960களில் போடப்பட்ட சாலை இது. இரு முனைகளில் சில பகுதிகள் தாராகிவிட்டாலும், நடுவில் இருப்பது மண்ணும் சரளையும்தான். வண்டிகள் ஓட ஓட அந்த மண்ணின் மேற்பரப்பு தகரக் கூரையைப் போல நெளிநெளியாக இறுகிவிடும். அதன்மேல் மணிக்கணக்கில் ஓடும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்கும் வகையில் சாதாரணக் கேரவன்கள் கட்டப்படுவதில்லை.

முதல் பயணத்தில் இதே தவற்றை நான் செய்தேன். மூன்றாம் நாள் மாலை, சாலையின் நடுப்பகுதியிலுள்ள மவுண்ட் பார்னெட்டில் கேரவன் கதவைத் திறந்தபோது, மேல் அலமாரி சுவரை விட்டுக் கழன்று மெத்தைமீது கிடந்தது. அதைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் தரையில் சிதறியிருந்தன. சாம்பார்ப் பொடி டப்பா திறந்துகொண்டு, பொடி எது செம்மண் புழுதி எது என்று பிரித்தறிய முடியாதபடி தலையணை வரை படிந்திருந்தது. அன்றிரவு பிள்ளைகள் காரின் பின் இருக்கையில் உறங்கினார்கள்.

உங்களுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலை முழுவதும் தார்ச்சாலை. அதில் கேரவனை இழுத்துச் சென்று, டெர்பியிலோ குனுனுராவிலோ ஒரு கேரவன் பூங்காவில் நிறுத்திவிட்டு, நான்குசக்கர விசை கொண்ட வண்டியில் கூடாரத்துடன் உள்ளே போங்கள். எங்கள் இரண்டாம், மூன்றாம் பயணங்கள் அப்படித்தான் நடந்தன.

கேள்வி: நடுவில் டீசல் கிடைக்குமா?

மவுண்ட் பார்னெட்டில் கிடைக்கும். டெர்பியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பின்னால் எதையாவது இழுத்துச் சென்றால் வண்டி கூடுதலாகக் குடிக்கும், ஆகவே ஜெர்ரி கேனில் 20 லிட்டராவது கையிருப்பு வையுங்கள். உதிரி டயர் இரண்டு வேண்டும்.

கேள்வி: முதலைகள் இருக்கும் ஊரில் பிள்ளைகளை எந்த நம்பிக்கையில் தண்ணீரில் இறக்குகிறீர்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அங்கே இரண்டு வகை முதலைகள் உண்டு. நன்னீர் முதலை ஒடுங்கிய மூக்குடையது, மீன் தின்பது, மனிதரைக் கண்டால் விலகிப் போகும், மிதித்தாலோ சீண்டினாலோ கடிக்கும். உவர்நீர் முதலை ஐந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. மனிதரை இரையாகவே பார்ப்பது. உவர்நீர் என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அது நன்னீரிலும் வாழும். மழைக்கால வெள்ளத்தோடு ஆறுகளில் வெகுதூரம் உள்ளே ஏறிவரும்.

ஆகவே ஒவ்வொரு மடுவையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். நேற்று குளித்த மடுவும் இன்று பார்க்கும் மடுவும் ஒரே பச்சை நிறத்தில், ஒரே அமைதியில் இருக்கும். கண்ணால் பார்த்து எதையும் முடிவுசெய்ய இயலாது. முகாமின் பொறுப்பாளரிடமோ வனக்காவலரிடமோ, "இந்த வாரம் இங்கே குளிக்கிறார்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை இல்லாததை அனுமதியாகக் கொள்ளாதீர்கள்.

நாங்கள் விசாரித்து இறங்கிய இடங்கள்: கால்வன்ஸ், மேனிங், பெல், எம்மா ஆகிய மலையிடுக்குகள். மேனிங்கில் முகாமை ஒட்டிய நீரைக் கடந்த பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெயிலில் நடக்க வேண்டும். எம்மாவில் 65 மீட்டர் உயர அருவியின் அடியில் வெயில் படாத குளிர்ந்த தடாகம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஓரிடத்தில் பாறையிலிருந்து வெதுவெதுப்பான ஊற்று கசிகிறது. என் மகள் ஒரு கையைக் குளிர்நீரிலும் மறுகையை அந்தக் கசிவிலும் வைத்துக்கொண்டு நகர மறுத்து நின்றாள்.

விண்ட்ஜானா மலையிடுக்கில் நீந்த வேண்டாம். மணல் கரையில் நன்னீர் முதலைகள் வெயில் காயும் இடம் அது. பார்ப்பதற்கே போக வேண்டும். அந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உயிரினங்களால் வளர்ந்த பாறைத்திட்டின் எச்சம். பக்கத்திலுள்ள டனல் கிரீக் குகையில்தான் புனுபா பூர்வகுடி மக்களின் போராளி ஜண்டமாரா 1897இல் கொல்லப்பட்டார். அந்தக் குகைக்குள் டார்ச்சுடன் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

முதலை ஆபத்து இல்லாத இடங்களில் சரியான அறிவுரை. இந்தச் சாலை கடக்கும் பெண்டகோஸ்ட் ஆற்றில் அது உயிருக்கு ஆபத்து, ஏனென்றால் அங்கே உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. எதிரிலிருந்து ஒரு வண்டி கடந்து வரும்வரை காத்திருந்து, நீர் சக்கரத்தில் எதுவரை ஏறுகிறது, வண்டி எந்தத் தடத்தில் வருகிறது என்று பாருங்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குறைந்த கியரில், நடுவில் நிற்காமல் கடந்துவிடுங்கள்.

கேள்வி: கேரவன் விஷயத்தில் மக்களை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். 2022 ஆகஸ்டில் நான் சாதாரணக் கேரவனையே இழுத்துச் சென்றேன். ஒரு திருகாணிகூடக் கழலவில்லை.

நல்லபடியாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. எந்தப் பகுதியில் சென்றீர்கள்? கிரேடர் இயந்திரம் சமன்செய்த அடுத்த வாரம் அதே சாலை பட்டுப்போல இருக்கும். ஒரு மாதம் கழித்து வருபவருக்கு அந்த நற்பேறு வாய்க்காது. ஒருவரது நல்ல அனுபவத்தை நம்பி இன்னொருவர் தம் பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார் என்பதே என் கவலை.

கேள்வி: பெண்டகோஸ்ட் ஆற்றங்கரையில் பிள்ளைகள் காலை மட்டும் நனைக்கலாமா?

கூடாது.

கேள்வி: அந்த நண்பர் சொல்வதே சரி. 40 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போனால் எந்தக் கேரவனும் தாங்கும்.

வேகத்தைக் குறைப்பது அவசியம்தான். டயரின் காற்றையும் குறைக்க வேண்டும். என் வண்டியில் 28 பிஎஸ்ஐ வைத்து 60ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன். ஆனால் மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு நெளிவிலும் சக்கரம் ஏறி இறங்கத்தான் செய்கிறது. அச்சு முறிந்தால் உதவிக்கு அழைக்கச் செல்பேசித் தொடர்பு வழியில் பெரும்பாலும் இராது. செயற்கைக்கோள் கருவி வேண்டும். பழுதான கேரவனை அங்கிருந்து மீட்டுவரப் பல ஆயிரம் டாலர் ஆகும். வாடகைக் கேரவனானால் மண்சாலையில் ஓட்டத் தடை உண்டா என்று ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்.

கேள்வி: நான் சென்றது குனுனுராவிலிருந்து எம்மா மலையிடுக்குத் திருப்பம் வரை, ஐயா. ஆனாலும் அது கிப் ரிவர் சாலைதானே?

அதே சாலைதான், அந்தப் பகுதியில் பெரும்பாலும் தார் போடப்பட்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மேலே கேட்ட நண்பர் குழம்பியிருக்க மாட்டார். மவுண்ட் பார்னெட் பக்கத்தை நீங்கள் பார்க்கவில்லை என்பதை அவரும் கவனிக்கட்டும்.

கேள்வி: டார்வினிலிருந்து வருகிறோம். கறிவேப்பிலை, காய்கறி கொண்டுவரலாமா?

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையிலுள்ள சோதனைச் சாவடியில் பச்சைக் காய்கறி, பழம், தேன், செடிகொடிகளை வாங்கிக்கொள்வார்கள். பருப்பு, அரிசி, புளி போன்ற உலர்ந்த பொருள்களையும் மறைக்காமல் காட்டிவிடுங்கள். காய்கறியைக் குனுனுராவில் வாங்கிக்கொள்ளலாம். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் பின்னால் வையுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து பெற்றோர் வர விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள். அது என் துறையன்று.

கேள்வி: குற்றாலம்போல எண்ணெய் தேய்த்துக் குளிக்க அருவிகள் உண்டா?

எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் அந்த நீரில் கலக்காதீர்கள். மழையில்லா மாதங்களில் அந்த மடுக்களில் நீர் புதிதாக வருவது மிகக் குறைவு. இன்று மிதக்கும் எண்ணெய்ப் படலம் நாளையும் அங்கேயே நிற்கும், மீனும் தவளையும் அதில்தான் வாழ வேண்டும். அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு அத்தகைய மடுக்கள் பல புனிதமானவை.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. முழங்கால் வலி உண்டு. அவருக்கு எந்த இடம்?

எல் க்வெஸ்ட்ரோ என்ற சுற்றுலாப் பண்ணையிலுள்ள செபெடி ஊற்று. பனைமரங்களின் நிழலில், படிப்படியாக இறங்கும் சிறு பாறைக் குழிகளில் 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் நீர் ஓடுகிறது, நடை குறைவு, நீந்தத் தேவையில்லை, சாய்ந்து உட்கார்ந்தால் போதும். என் தாயார் சேலையோடு தோள்வரை அமிழ்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தார். கல் வழுக்கும், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பகலோடு மூடிவிடுவார்கள், எனவே காலை 7 மணிக்கே போய்விடுங்கள்.