இரண்டு ஆம்ப், நாலு ஸ்பீக்கர்: எதை எதோடு சேர்க்கலாம்?

கேள்வி: ஹாலில் அப்பா காலத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கின்றன. போன மாதம் என் மகன் புதிதாக இன்னொரு ஆம்ப்பும் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வந்தான். இரண்டு ஆம்ப்பையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் கொடுத்தால் சத்தம் இரட்டிப்பாகும் என்கிறான். மாடி அறையிலும் பாட்டு கேட்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. எப்படி இணைப்பது?
(நங்கநல்லூர் வாசகர்)

பதில்: முதலில் மகன் கையில் இருக்கும் வயரை வாங்கி வையுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்தான். ஒரு ஆம்ப் பல ஸ்பீக்கர்களை ஓட்டலாம். இரண்டு ஆம்ப்கள் ஒரே ஸ்பீக்கரை ஓட்டக் கூடாது.

காரணம் எளிது. ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளுக்கு உள்ளே மின்தடை மிக மிகக் குறைவு. இரண்டு ஆம்ப்களை ஒரே முனையில் சேர்த்தால், ஒன்று அனுப்பும் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போவதைவிட எளிதாக மற்றதன் வயிற்றுக்குள் போய்விடும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த நாளில் நானும் அறை நண்பரும் இதைச் செய்து பார்த்திருக்கிறோம். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. பழுது பார்த்தவர், இரண்டு மாட்டை எதிரும் புதிருமாகப் பூட்டினால் வண்டி எங்கே போகும் என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

சில ஸ்பீக்கர்களின் பின்னால் இரண்டுக்குப் பதில் நான்கு முனைகள் இருக்கும். நடுவில் தகடு போட்டு இணைத்திருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு மேல் ஸ்தாயிக்கு ஒரு ஆம்ப், கீழ் ஸ்தாயிக்கு ஒரு ஆம்ப் என்று கொடுக்கலாம். தகட்டைக் கழற்ற மறந்தால் மேலே சொன்ன கதிதான். வீட்டு ஹாலுக்கு இதில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது. 40 வாட்ஸ் 80 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். 'கொஞ்சம் ஏறியிருக்கு போல' என்று தோன்றும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 89 உள்ளதை வாங்கினால் அதே 3 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் எல்லோரும் வாட்ஸைத்தான் படிக்கிறோம், இந்த எண்ணைப் படிப்பதில்லை.

அப்புறம் மாடி. பழைய ஆம்ப்பின் பின்னால் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று இரண்டு ஆர்சிஏ ஓட்டைகள் (சிவப்பு, வெள்ளை பின் சொருகும் வட்டமானவை) இருக்கும். அங்கிருந்து புது ஆம்ப்பின் 'ஆக்ஸ்' உள்ளீட்டுக்கு வயர் கொடுங்கள். டேப் அவுட்டுக்கு வால்யூம் குமிழோடு சம்பந்தமில்லை. கீழே நீங்கள் குறைத்தாலும் மேலே உங்கள் மனைவியின் சத்தம் குறையாது. 'ப்ரீ அவுட்' அப்படியில்லை, கீழே குறைத்தால் மேலேயும் குறையும். டேப் அவுட் இல்லாத ஆம்ப் என்றால், சிடி பிளேயரிலிருந்து ஒய் வடிவ வயர் போட்டு இரண்டு ஆம்ப்புக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிப்பதில் தப்பில்லை. அதே ஒய் வயரைத் திருப்பிப் போட்டு, டிவியையும் சிடி பிளேயரையும் ஒரே ஓட்டையில் சேர்ப்பதுதான் தப்பு.

புது ஆம்ப்பை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் வீட்டில் யோசிக்க வேண்டிய விஷயம். கீழேயே வைத்துவிட்டு மாடிக்கு ஸ்பீக்கர் வயர் இழுத்தால் இரைச்சல் சேராது. ஆனால் சத்தம் குறைக்க அவர் படி இறங்க வேண்டும். மேலே வைத்தால் நீளமான ஆர்சிஏ வயர் இழுக்க வேண்டும். இரைச்சல் புகாமல் உள்ளே உலோக வலை சுற்றிய நல்ல ஷீல்டு வயராக இருக்க வேண்டும், கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் போகக் கூடாது. ப்ளூடூத்தில் அனுப்பலாமே என்று மகன் சொல்வான். அனுப்பலாம். ஆனால் ப்ளூடூத் சற்றுத் தாமதமாகத்தான் பாடும். ஹாலிலும் மாடியிலும் ஒரே கச்சேரி ஓடும்போது மாடிப்படியில் நின்று கேளுங்கள். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை விழும். வேறு வேறு பாட்டுத்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் ப்ளூடூத்தே போதும், சுவரைத் துளைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஸ்பீக்கர் வயர்தான் இழுப்பது என்று முடிவானால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு சணல் கயிற்றைப் படிக்கட்டு ஓரமாக ஓட்டி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்து 8 மீட்டர் என்பது கயிற்றில் 15 ஆகும். 15 மீட்டருக்கு 0.75 ஸ்கொயர் எம்எம் மெல்லிய வயர் போட்டால், போக வர முக்கால் ஓம் தடை அதிலேயே சேர்ந்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2.5 ஸ்கொயர் எம்எம் என்றால் கால் ஓமுக்கும் குறைவு. கடையில் வெட்டித் தரும் முன் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். செம்பின் விலைக்கு அதை வாங்காதீர்கள். சுரண்ட விடாத கடையில் வயர் வாங்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: என் ஆம்ப்பில் ஸ்பீக்கருக்கு ஏ, பி என்று இரண்டு வரிசை இருக்கிறது. இரண்டிலும் 4 ஓம் ஸ்பீக்கர்கள். சேர்த்துப் போட்டால் அரை மணியில் சூடாகி நின்றுவிடுகிறது. கம்பெனிக்காரர் வாரண்டி கிடையாது என்கிறார்.
(பெரம்பூர் வாசகர்)

பதில்: நின்றுவிடுகிறதே என்று சந்தோஷப்படுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்கிறது.

ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும். தண்ணி லாரியில் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டைத் திறந்துவிட்ட மாதிரி. பெரும்பாலான ஆம்ப்களில் ஏ, பி இரண்டும் சேர்ந்து ஓடும்போது பேரலலாகத்தான் ஓடும்: இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 4, இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. வீட்டு ஆம்ப்களில் 2 ஓமைத் தாங்குபவை மிகக் குறைவு. முனைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். ஒன்று மட்டும் என்றால் 4 ஓமிலிருந்து, இரண்டும் என்றால் 8 ஓமிலிருந்து என்று எழுதியிருந்தால் கம்பெனிக்காரர் சொல்வது நியாயம்தான். அப்படி எதுவும் அச்சிடாமல் விற்றிருந்தால் நீங்கள் சண்டை போடலாம்.

இப்போதைக்கு ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் ஓட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே வேண்டுமென்றால், தடைப் பாதுகாப்புள்ள ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி ஒன்று வாங்குங்கள். இரண்டாவது ஜோடிக்குச் சின்னதாகத் தனி ஆம்ப் வைப்பது இன்னும் நல்லது. ஆம்ப்பைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் அது அடுப்பு.

கேள்வி: இரண்டு ஆம்ப்களை வயரால் இணைத்த நாளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். பாட்டு நின்ற பிறகும் கேட்கிறது.
(மயிலாப்பூர் வாசகி)

பதில்: அது நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல். இரண்டு கருவிகளும் வேறு வேறு வழியில் எர்த்தைத் தொடும்போது வயருக்குள் அது ஒரு சுற்றுச் சுற்றி வரும். முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான். இல்லையென்றால் இரண்டு ஆம்ப்பையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் சொருகுங்கள். அப்போதும் போகவில்லையா, இடையில் எர்த் தொடர்பைத் துண்டித்துப் பாட்டை மட்டும் விடும் ஆர்சிஏ ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். சத்தம் போகும், ஷாக் வரும். வேண்டாம்.

கேள்வி: பர்மா பஜாரில் ஒரு ஜப்பான் ஆம்ப் மலிவாக வருகிறது. பக்கத்திலேயே 3000 வாட்ஸ் என்று போட்ட புது ஆம்ப்பும் அதே விலை. எதை வாங்கலாம்?
(ராயபுரம் வாசகர்)

பதில்: ஜப்பான் ஆம்ப்பின் முதுகைப் பாருங்கள். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்தது. நம் 230-ல் நேரே சொருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 3000 வாட்ஸ் என்பது பிஎம்பிஓ, அதாவது விளம்பர வாட்ஸ். அதன் முதுகிலேயே மின் நுகர்வு 80 வாட்ஸ் என்றோ 100 என்றோ இருக்கும். நூறு உள்ளே போனால் மூவாயிரம் தொடர்ந்து வெளியே வராது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை ஓமில் என்றும் கேளுங்கள். பதில் வந்தால், அந்த எண்ணை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால், பேச்சைத் தொடங்க அந்தப் பில் வேண்டும்.