கொம்பியூட்டர் வாங்குவதா, சாமான் எடுத்துப் பூட்டுவதா? வன்னிக் கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் 2011 இலிருந்து கொம்பியூட்டர் திருத்துகிறேன், சாமான்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டியும் கொடுக்கிறேன். டெஸ்க்டொப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்க வேண்டாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். நான் இன்றைக்குச் சொல்லும் விலை நீங்கள் கடைக்குப் போகும்போது இருக்காது.

விசுவமடு, உயர்தர மாணவன்: அண்ணா, ஐசிடி எடுக்கிறேன். அப்பாவிடம் பெரிய காசில்லை. பாவித்த பிராண்ட் கொம்பியூட்டர் எடுப்பதா, புதுச் சாமான் வாங்கிப் பூட்டுவதா?

பதில்: தம்பி, உங்களுக்குப் பாவித்ததே போதும். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்சென்டர் மாதிரி அலுவலகத்துக்கென்று செய்த பெட்டிகள் நெடுநாள் உழைக்கும். அதே காசுக்குப் புதிதாகப் பூட்டப் போனால், கேசிங்கோடு சும்மா வரும் மலிவுப் பவர் சப்ளையில்தான் போய் நிற்பீர்கள். அது வேண்டவே வேண்டாம்.

ஆனால் எதை எடுப்பது என்பதில் வடிவாகக் கவனியுங்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் தந்த ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல் புரோசசரில் 8வது தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கு முந்திய பெட்டிகள்தான் இப்போது "ஐ7, ஐ7" என்று சொல்லி மலிவாகக் கைமாறுகின்றன. ஐ7 என்ற சொல்லை விடுங்கள், பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ7-6700 என்றால் 6வது தலைமுறை, ஐ5-8500 என்றால் 8வது, ஐ3-10100 என்றால் 10வது. இந்த மூன்றில் 6700 ஐ நான் தொடவே மாட்டேன்.

கடையில் பக்கத்து மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, அடியில் மண்ணிறமாகக் கசிந்திருந்தாலோ கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்தால் ஒரு புது எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியின் வேகமே மாறிவிடும். 8 ஜிபி ரேம் தொடங்கப் போதும்.

துணுக்காய்: நல்ல கொம்பியூட்டர் ஒன்று பூட்ட எவ்வளவு முடியும்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

வவுனியா, வங்கி ஊழியர்: காசு பிரச்சினை இல்லை. புது பிராண்ட் பெட்டி எடுத்தால் வாரன்டி இருக்கிறதே, ஏன் பூட்ட வேண்டும்?

பதில்: வவுனியாவில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் வாரன்டிக் கடதாசியை வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும்? "கொழும்பு" என்று பதில் வந்தால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏற வேண்டியது நீங்கள்தான். பூட்டிய பெட்டியில் ஒவ்வொரு சாமானுக்கும் தனி வாரன்டி. ரேம் போனால் ரேமை மட்டும் உறையில் போட்டு அனுப்பலாம். பவர் சப்ளை போனால் அதே நாளில் வேறொன்றைப் பூட்டி வேலையைத் தொடரலாம். டெல், எச்பி பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையின் உருவமும் சொக்கற்றும் தனி, கடையில் இருக்கும் சாதாரணமானது பொருந்தாது. வன்னியில் பூட்டுவதா வாங்குவதா என்று கேட்டால் காசுக் கணக்கை விட எனக்கு முக்கியம் இதுதான்: பழுதான அன்றைக்கு யார் கையில் அது போகும், எத்தனை நாளில் திரும்பி வரும்.

புதுக்குடியிருப்பு, ஸ்டூடியோ வைத்திருப்பவர்: கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட் பண்ண. இன்டெல் ஐ5-12400எஃப் புரோசசர் போட்டுக் கிராபிக்ஸ் கார்ட் தனியாகப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: அண்ணை, உங்களுக்குப் பூட்டுவதுதான் சரி, ஆனால் எஃப் இல்லாத 12400 ஐ எடுங்கள். எஃப் என்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. விளையாடுகிறவனுக்கு அது நட்டமில்லை, உங்களுக்கு நட்டம். இப்போதைய கமராக்கள் பல 10 பிட், 4:2:2, எச்.265 என்ற வீடியோ வகையில் எடுக்கின்றன. டைம்லைனில் போட்டவுடன் இறுகி நிற்குமே, அந்த வகைதான். 12வது தலைமுறை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் அதை நேரடியாக விரித்துக் கொடுக்கும், மலிவான தனிக் கார்ட்கள் பல கொடுக்காது. இரண்டாவது நன்மை, கார்ட் பழுதானாலும் மதர்போர்ட் வழியாகப் படம் வரும், ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டிய அல்பம் நிற்காது.

ரேம் 32 ஜிபி. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே டிடிஆர்4 என்ற முந்திய வகை ரேம் போடக்கூடிய மதர்போர்டாகத் தேடி, பாவித்த ரேமை மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளில் ஒரு இரவு ஓடவிட்டுப் பார்த்து எடுத்தாலும் பரவாயில்லை. எடிட்டுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. முடிந்த வேலைக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் ஒரே பிரதி, ஒன்று கடையில், மற்றது வீட்டில். பொம்பிளையை இன்னொரு தரம் மணவறையில் இருத்தி எடுக்க முடியாது. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தர்மபுரம், அம்மா ஒருவர்: மகனுடைய கொம்பியூட்டர்ப் பெட்டியில் கை பட்டால் சுள்ளென்று அடிக்கிறது. புதுசு வாங்க வேண்டுமா?

பதில்: அக்கா, வாங்க வேண்டாம், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிழை பெரும்பாலும் வீட்டு எர்த்தில்தான். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு தொடுத்திருக்கும், அந்தக் கசிவு எர்த் வயரால் நிலத்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டியில் 230 இல் பாதி, 115 வோல்ட் அளவு நிற்கும். கரண்ட் மிகக் குறைவென்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது, ஆனால் அதே சுள்ளுதான் மொனிட்டர் வயரைக் கொழுவும்போது போர்ட்டை எரிக்கும். உண்மையான ஒழுக்கும் இதேபோலத்தான் தொடங்கும், அது ஆளைக் கொல்லும்.

நான் போகிற வீடுகளில் அடிக்கடி பார்ப்பது: பேனை மூடியால் சொக்கற்றின் மேல் ஓட்டையைத் திறந்து இரண்டு முள் பிளக்கைச் செருகி, அதில் மல்டி பிளக், அதில் கொம்பியூட்டர். எர்த் அந்த இடத்திலேயே அறுந்துவிட்டது. ஒழுங்கான மூன்று முள் இருந்தும் அடித்தால் எர்த் கம்பியைப் பாருங்கள். ஆடி ஆவணியில் நிலம் வெடித்துக் காய்ந்தால் கம்பி நிலத்தில் நிற்கும், எர்த் நிற்காது. நல்ல வயரிங்காரரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள், ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். இதைச் செய்யாமல் மகனை அதில் இருத்தாதீர்கள்.

முள்ளியவளை: கனடா மாமா தன்னுடைய பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவருகிறார். அப்படியே பாவிக்கலாமா?

பதில்: செருகுவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள். பழைய பவர் சப்ளை சிலவற்றில் சின்னச் சிவப்பு சுவிட்ச் ஒன்று 115 இல் இருக்கும், 230க்குத் தள்ள வேண்டும். என் மேசைக்கு ஒன்று வந்தது, தள்ளாமல் போட்டிருக்கிறார்கள், வெடிச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம். சுவிட்ச் இல்லையென்றால் ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. 115 மட்டும் இருந்தால் பவர் சப்ளையை மாற்றாமல் போட வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: ஐ3 நல்லதா ஐ5 நல்லதா?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். எண்ணைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

மாங்குளம், ஆசிரியர்: தம்பி, நீங்கள் எல்லோருக்கும் டெஸ்க்டொப் சொல்கிறீர்கள். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். யூபிஎஸ் பத்து நிமிடம் நிற்கும். பிள்ளைகள் எதில் படிப்பது? லப்டொப்தான் வன்னிக்குச் சரி.

பதில்: ஐயா, அந்த நாட்களை நான் மறக்கவில்லை, ஆனால் 13 மணித்தியாலத்துக்கு லப்டொப்பும் நிற்காது. இரண்டு வருடம் போனால் லப்டொப் பற்றறி ஒரு மணித்தியாலம் தாங்கினாலே பெரிய காரியம். பிறகு கீபோர்ட் போகும், ரேம் ஒட்டி வந்திருந்தால் கூட்டவும் முடியாது.

ஒட்டுசுட்டான், கொம்யூனிகேஷன் நடத்துகிறவர்: ஆசிரியர் ஐயா சொல்வது வீட்டுக்குச் சரி, கடைக்குச் சரியில்லை. காலையிலிருந்து இரவு வரை பாமினி எழுத்துருவில் தட்டுகிறோம். கீபோர்ட் போனால் டெஸ்க்டொப்புக்கு வேறொன்றைக் கொழுவினால் சரி.

ஆசிரியர்: கடை வேறு, பிள்ளை வேறு. கம்பசுக்குப் போகும் பிள்ளை டெஸ்க்டொப்பைத் தலையில் வைத்துக்கொண்டா போகும்? கரண்ட் பில்லையும் பாருங்கள்.

பதில்: கம்பசுக்குப் போகும் பிள்ளைக்கு லப்டொப், ஓம், அதில் நீங்கள் சொல்வதுதான் சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பில் விடயத்தில் சரியில்லை. 8வது தலைமுறை அலுவலகப் பெட்டி ஒன்றை மீற்றரில் போட்டுப் பார்த்தேன். தட்டச்சு செய்யும்போது 30 வாட்டுக்குள், மொனிட்டர் இன்னொரு 20. ஒரு சாதாரண மின்விசிறி அளவுதான்.

ஐயாவின் கேள்வி என்னை விடவில்லை, ஆகவே இன்னொன்றும் சொல்கிறேன். ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்சென்டர் டைனி என்று கொப்பி அளவில் பெட்டிகள் இருக்கின்றன. லப்டொப் சார்ஜர் மாதிரி அடப்டரில் ஓடும். அதையும் சின்ன மொனிட்டர் ஒன்றையும் 650 விஏ யூபிஎஸ்ஸில் போட்டால், பற்றறி புதிதாக இருக்கும்போது முக்கால் மணித்தியாலம் வரை படிக்கலாம். யூபிஎஸ் பற்றறி வெக்கையில் சீக்கிரம் சாகும், 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது கணக்கு, தகரக் கூரைக்குக் கீழே சுவரோரம் வைக்காதீர்கள்.

ஆசிரியர்: அது நல்ல யோசனை. ஆனாலும் இடி மின்னலுக்கு?

பதில்: யூபிஎஸ் மின்னலைத் தடுக்காது. ஐப்பசி வானம் இருண்டால் பிளக்கையும் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மல்லாவி: பிரின்டரில் மை இறங்கவில்லை.

பதில்: அது என் வேலையில்லை, பிரின்டர் திருத்துகிறவரிடம் காட்டுங்கள்.

பரந்தன்: அண்ணா ஒரு நல்ல பெட்டிக்கு எவ்வளவு

பதில்: விலை கேட்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

நெடுங்கேணி: மழைக்குப் பிறகு பெட்டி ஓடுகிறது, படம் வரவில்லை. புதுசு பூட்டவா?

பதில்: பொறுங்கள். வயரைக் கழற்றி, ரேமை எடுத்து, மஞ்சள் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பக் கொழுவுங்கள். ஈரமும் புழுதியும் சேர்ந்தால் இப்படித்தான் நடக்கும். அப்படியும் வராவிட்டால் பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடக்கிறதா என்று திருத்துகிறவரிடம் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம், கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும்.

விசுவமடு, உயர்தர மாணவன்: அண்ணா, கடையில் நிற்கிறேன். ஒப்டிபிளெக்ஸ் 7050 மைக்ரோ ஒன்று, 3060 மைக்ரோ ஒன்று. 7050 தான் பெரிய மொடல், அதை எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: 7050 இல் இருப்பது 6வது அல்லது 7வது தலைமுறை. 3060 ஐ எடுங்கள் தம்பி. அடப்டரும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள், அதில் டெல் என்று இருக்கிறதா பாருங்கள், கடையிலேயே போட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டுக் காசைக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் மூன்று முள் சொக்கற்றில் நேராகப் போடுங்கள்.