ஆச்சி பதில்கள்: வளவுக்குள் ஒரு வரலாற்றுப் பிறந்தநாள்

கேள்வி: மே மாத விடுமுறையில் என் மகனுக்குப் பத்து வயது நிறைகிறது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவுப் பிள்ளைகள் வருவதால், ஊரில் எங்கள் பெரிய வீட்டிலேயே கொண்டாடலாம் என்றிருக்கிறோம். எல்லோரும் வரலாற்று வேடத்தில் வர வேண்டும் என்பது மகனின் பிடிவாதம். ராஜா உடைகள் மதுரையில் வாடகைக்குக் கிடைக்கின்றனவாம். இருபது பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம், ஆச்சி?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வாடகை உடை வேண்டவே வேண்டாம். அந்த வெல்வெட் அங்கியையும் ஜிகினாக் கிரீடத்தையும் நாடகக் கொட்டகையில்தான் பார்க்க முடியும். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டன. இடையில் துணி, மார்பில் நகை, தலையில் அள்ளி முடிந்த கொண்டை. ஆண்கள் பலர் அவற்றில் இப்படித்தான் இருக்கிறார்கள். கத்திரி வெயிலில் இதைவிடச் சௌகரியமான உடை ஏது? அப்பச்சியின் கரை வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி, கண்மையால் மீசை வரைந்துவிட்டால் உங்கள் வீட்டு ராஜராஜன் தயார்.

ஆனால் இருபது பேரும் ராஜாவாக வந்தால் குடிமக்களுக்கு எங்கே போவீர்கள்? பஸ்ஸில் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்து வரலாற்றையே பிரித்துக் கொடுங்கள். பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருக்கிற பிள்ளைகளிலேயே பொடியனைப் பாரியாக்குங்கள். அவனுடைய மூன்று சக்கர சைக்கிளில் முல்லைச் சரத்தைச் சுற்றிவிட்டால் அதுதான் தேர். பாரதியார் 1919-இல் காரைக்குடிக்கு வந்தபோது எடுத்த படத்தில் கையில் கோல் வைத்திருக்கிறார். தலைப்பாகையோடு ஒரு கோலும் கொடுத்தால் அவன் காரைக்குடிப் பாரதி. ஒரு கோட்டும் கண்ணாடியும் கிடைத்தால் இன்னொருவன் அழகப்பச் செட்டியார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். அவர் வேடம் போடும் பிள்ளை, வந்திருக்கும் எல்லோருக்கும் மிட்டாய் பங்கிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

வேலு நாச்சியார் வேடத்துக்குப் போட்டி வரும். 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டவர். இரண்டு நாச்சியார்கள் வந்தாலும் தப்பில்லை. நாச்சியாருக்காகத் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகச் சொல்லப்படும் குயிலியாக வரும் பெண்ணுக்கு ஆரஞ்சு நிறத் துப்பட்டாதான் தீ. தீப்பந்தம், விளக்கு எதுவும் கையில் கொடுக்காதீர்கள். மருது சகோதரர்களுக்கு வாளைவிட, எறிந்து தாக்கும் வளரி பொருத்தம். பிறை வடிவில் தடித்த அட்டையை வெட்டினால் போதும். மரத்தில் செய்தால் யாராவது ஒருவர் பல் போகும். அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அதைப் பிறந்தநாள் வீட்டில் நடித்துக் காட்ட வேண்டாம். அதே ஆண்டு ஜூன் 16-இல் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டச் செய்த ஜம்புத்தீவுப் பிரகடனத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். குரல் கணீரென்று உள்ள பிள்ளைக்கு இதைக் கொடுங்கள்.

உங்கள் மகனுக்கு நான் வைத்திருக்கும் வேடம் வேறு. பெட்டியடிப் பையன். நம் ஐயாக்கள் காலத்தில், மீசை அரும்பாத வயதில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன பையன்கள் எத்தனை பேர்! மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் கீழே, கடையைக் கூட்டுவதில் தொடங்கிக் கணக்கு எழுதுவது வரை கற்றுக்கொண்டு, மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நாலு முழ வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ஒரு பேரேடு, கையில் மரக் கைப்பெட்டி. பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். கப்பலேறும் பையன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாக அவனே ஒரு பக்கம் எழுதி வாசிக்கட்டும். அவனுக்கு வரலாறு அன்று பிடிபடும்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பங்கு வீடு என்றால் முதல் வேலை பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்வது. வெளியூரில் இருந்தால் போன் செய்யுங்கள். பின்னால் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டால் மனத்தாங்கல் வரும். மேடை போட வேண்டாம், வீட்டின் நடுமுற்றமான வளவே மேடை. பெரியவர்கள் முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் உட்கார்ந்து பார்க்கட்டும். சுவரில் மட்டும் டேப் ஒட்டாதீர்கள். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, டேப்பை உரிக்கும்போது பட்டையாகக் கூடவே வந்துவிடும். அதைப் பழையபடி பூச இன்றைக்குக் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தோரணங்களைத் தொங்கவிடுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், கறை தங்கிவிடும்.

சாப்பாட்டில் ஒரு வேடிக்கை செய்யலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு இங்கே நுழைந்தவை. ஆக, ராஜராஜன் இலையில் இவற்றில் எதுவும் இருந்திருக்காது. "சோழர் பந்தி" என்று எழுதி வைத்து மிளகுக் கோழி பரிமாறுங்கள். கப்பலேறும் பையன் பக்கத்துக்குப் பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி. கந்தரப்பமும் பால் பணியாரமும் எல்லோருக்கும் பொது. கேக் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிவிடுங்கள், அதற்கெல்லாம் வரலாறு பேசக் கூடாது. விடைபெறும்போது ஆளுக்கு ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: இப்படி ஒரு விழாவில் என் எட்டு வயது மகள் பழங்காலத்து ஆச்சியாக வருகிறாள். என் ஆயாவின், அதாவது பாட்டியின், கண்டாங்கிச் சேலையைக் கட்டிவிடலாமா?
– கண்டனூர் வாசகி

பதில்: பருத்திக் கண்டாங்கி என்றால் தாராளமாக. அகலத்தைப் பாதியாக மடித்து, இடுப்பில் நாடா கட்டி, கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டுங்கள். தடுக்காமல் ஓடுவாள். ஊசி குத்தாதீர்கள், கத்திரியை அருகே கொண்டுவராதீர்கள். பழைய சரிகைப் பட்டு என்றால் எடுக்காதீர்கள், மடிப்பிலேயே விட்டுப்போகும். படைப்புப் பெட்டியில் உள்ள சேலையை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அது முன்னோருக்கு வைத்தது. தங்கத் தாலியான கழுத்துருவை லாக்கரிலிருந்து எடுக்க வேண்டாம், கவரிங் போதும். குழந்தை கழுத்தில் தங்கத்தைப் போட்டுவிட்டு நீங்கள் பந்தியில் நிம்மதியாக உட்கார முடியாது.

கேள்வி: மருது பாண்டியரை எதிர்க்கும் வெள்ளைக்காரனாக எந்தப் பிள்ளையும் நடிக்க மாட்டேன் என்கிறது. யாரைப் போடுவது?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: தாய்மாமனான அம்மானைப் போடுங்கள். 1801-இல் படை நடத்தி வந்தவர் கர்னல் அக்னியூ. அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிவப்புச் சட்டை மேல் வெள்ளைத் துணிப் பட்டை இரண்டைக் குறுக்காகக் கட்டினால் உடை முடிந்தது. அட்டை வளரிகள் எல்லாம் அவர் மேல்தான் விழும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.