வேலூர் வெயிலில் வெடிக்காத கால் டொரன்டோவில் ஏன் வெடிக்குது?

தம்பி, குடியாத்தத்திலிருந்து நவம்பர்ல டொரன்டோ வந்து, ஜனவரிக்குள்ள முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூத்து, ராத்திரியில நமைச்சல் தாங்கலைன்னு எழுதியிருக்கீங்க. தேங்காய் எண்ணெய் தடவியும் கேட்கலை, ஷவர்ல சூடா நின்னா மட்டும் சுகமா இருக்குன்னு சொல்றீங்க. அந்தச் சூடுதான் பாதி வினை.

குளிர் தோலைக் காயவைக்கிறதைவிட வீட்டு ஹீட்டர் அதிகமாக் காயவைக்குது. வெளியே மைனஸ் 10 டிகிரியில காத்து எவ்வளவுதான் ஈரம் பிடிச்சாலும் ஒரு கன மீட்டருக்கு 2.4 கிராம் தண்ணிக்கு மேல தாங்காது. அதே காத்தை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினா, அது விரிஞ்சிடும்; கன மீட்டருக்கு 18 கிராம் தாங்கக்கூடிய காத்துல வெறும் 2.1 கிராம்தான் இருக்கும். அதாவது சுமார் 12 சதவீத ஈரப்பதம். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்னு வச்சுக்கிட்டாக்கூட 15 கிராம் வருது. ஏழு மடங்கு. அதோட அங்கே வியர்வை வேற.

மேல்தோலை ஒரு செங்கல் சுவரா நினைச்சுக்குங்க. செத்த செல்கள் செங்கல், நடுவுல இருக்கிற கொழுப்பு சுண்ணாம்பு. சோப்பும் சுடுதண்ணியும் அந்தச் சுண்ணாம்பைக் கரைச்சுட்டா, உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாப் போயிடும். எண்ணெய் தானா ஈரம் கொடுக்காது. இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும், அவ்வளவுதான். காய்ஞ்ச கால்ல தேய்ச்சா, மூடி வைக்க உள்ளே ஒண்ணும் இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளை விசாரிச்சாலே இது புரியும்: பதனிட்ட தோல் ஈரமா இருக்கும்போதே டிரம்ல எண்ணெயைத் தண்ணியோட கலந்து ஏத்திடுவாங்க. இல்லைன்னா காய்ஞ்சதும் அட்டை மாதிரி விறைச்சுக்கும். உயிருள்ள தோல் வேற விஷயம்தான், ஆனா வரிசை அதேதான்.

அதனால குளியல்லேருந்து ஆரம்பிங்க. தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். கண்ணாடியில ஆவி படிஞ்சா சூடு அதிகம். 5லேருந்து 10 நிமிஷம் போதும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும். காலுக்கும் கைக்கும் வெறும் தண்ணி போதும், அழுக்குப்பட அங்கே வயல் வேலையா செய்யறீங்க? கடலை மாவு, பீர்க்கங்கூடு எல்லாம் வெடிப்பு ஆறுற வரைக்கும் வேண்டாம். துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. தோல் இன்னும் ஈரமா இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, கிரீம் தடவிடணும். ரூமுக்குப் போய் போன் பார்த்துட்டுத் தடவினா பாதி பலன் போச்சு.

பெரும்பாலானவங்க தப்பு பண்றது அளவுல. ஆள்காட்டி விரல் நுனியிலேருந்து முதல் ரேகை வரைக்கும் பிதுக்கினா சுமார் அரை கிராம். பாதத்தோட சேர்த்து ஒரு காலுக்கு அப்படி எட்டு, ஒரு கைக்கு நாலு. ரெண்டு கால், ரெண்டு கைக்கு ஒரு தடவைக்கு 12 கிராம்; காலை, ராத்திரின்னா நாளைக்கு 24. 450 கிராம் டப்பா மூணு வாரம்கூட வராது. உங்களுக்கு மூணு மாசம் வருதுன்னா நீங்க தடவறதே இல்லைன்னு அர்த்தம். மேலிருந்து கீழே, முடி படுத்திருக்கிற பக்கமாத் தடவுங்க. எதிர்த்துத் தேய்ச்சா முடிக்கால்ல பொரிப்பொரியா கிளம்பும்.

வாங்கும்போது பம்ப் பாட்டில் லோஷனை விட்டுட்டு, டப்பாவுல வர்ற கெட்டிக் கிரீமா எடுங்க. லோஷன்ல தண்ணிதான் அதிகம். வாசனையே சேர்க்காததா இருக்கணும். ‘அன்சென்டட்’னு போட்டிருந்தா வாசனையை மறைக்க வேற வாசனை சேர்த்திருக்கலாம், ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ன்னு தேடுங்க. கிளிசரின், செராமைட் (அந்தச் சுண்ணாம்புல இருக்கிற கொழுப்பு வகை) இருந்தா நல்லது. சொரசொரப்பு அதிகமா இருந்தா யூரியா 5லேருந்து 10 சதவீதம் சேர்த்த கிரீம். வெடிச்ச இடத்துல அது எரியும், அங்கே வெறும் வாஸலின் போதும். தேங்காய் எண்ணெயை விட மனசில்லைன்னா ஈரத்தோலில தடவுங்க, இந்தக் குளிர்ல உறைஞ்சிருக்கும், உள்ளங்கையில உருக்கிக்கலாம். ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது அந்தச் சுண்ணாம்பையே குலைக்கும். வாஸலின் ஊறின பேன்ட், போர்வை சட்டுனு தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் ஜாக்கிரதை.

ஹியூமிடிஃபையர், அதாவது காத்துல ஈரம் ஏத்துற மெஷின், வாங்கறதுக்கு முன்னாடி ஈரப்பத மீட்டர் ஒண்ணு வாங்கிப் பாருங்க. பேஸ்மென்ட்ல இருந்தா ஏற்கெனவே ஈரம் போதுமா இருக்கலாம், மேல ஏத்தினா பூஞ்சணம்தான். 35லேருந்து 40 சதவீதம் போதும். ஜன்னல் கண்ணாடியில தண்ணி வழிஞ்சா குறைச்சுக்குங்க. தண்ணியை தினமும் மாத்துங்க.

ஊர்லேருந்து பெட்டியில வந்திருக்கிற படை கிரீமைத் தொடாதீங்க. நம்ம பக்கம் மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாமலே தர்ற டியூப் பலதுல வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூணும் கலந்திருக்கும். ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும். மாசக்கணக்கில போட்டா தோல் மெலிஞ்சு கோடு விழும், படையா இருந்தா வெளியே சரியாத் தெரியாமலே பரவும். வட்டமா, ஓரம் மட்டும் தடிச்சு இருந்தா அது வறட்சி இல்லை, படை.

நம்ம நிறத்துல தோல் அழற்சியோட சிவப்பு அவ்வளவாத் தெரியாது. சாம்பலாவோ ஊதா கலந்த பழுப்பாவோ தெரியும். கீறின இடம் மாசக்கணக்கில கருப்பா நிக்கும், அதனால நகத்தை ஒட்ட வெட்டி வையுங்க. வத்தின ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சாலோ, நீர் கசிஞ்சாலோ, ரெண்டு வாரம் இப்படிச் செஞ்சும் அடங்கலைன்னாலோ மருந்தகத்துக்குப் போங்க. ஒன்டாரியோவுல 2023 ஜனவரியிலேருந்து டெர்மடைடிஸுக்கு (தோல் அழற்சி) பார்மசிஸ்டே மருந்து எழுதித் தரலாம். ஹெல்த் கார்டையும், அந்த ஊர் டியூப்பையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஏற்கெனவே என்ன போட்டிருக்கீங்கன்னு முதல்ல அதைத்தான் கேட்பாங்க.